சாப்பாட்டு மேசையில் தரம் பிரித்த ஐரோப்பா

ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க, நீயும் ஓகேதானேம்மா?" என்றாய். பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை; ஊரே என்னிடம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. பேசாதவளிடம் கேள்வி கேட்பவர்களுக்கு அது ஒரு வசதி, பதிலையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை. அந்தச் சொல்கூடப் போதாது. எனக்குக் குமட்டுகிறது. நீ மே மாத லீவு முடிந்து ரயில் ஏறிய நாளிலிருந்து சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசைதான் கண்முன் வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் ஆண்டுக்கான பாடங்களை நீ உன் ஐரோப்பிய ஆய்வுத் துறையில் சொல்லியாக வேண்டும். ஒரு மொழி, ஒரு பகுதி, மூன்று விருப்பப் பாடங்கள். மீதி இரண்டு வருடமும் அதை வைத்துத்தான். அதற்குப் பிறகு நீ யாராக இருக்கப்போகிறாய் என்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். அதற்கு முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

இதையே ஒரு பெண்கள் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். கோபப்படாதே. உன் படிப்பைப் பற்றி நாலு பேர் நடுவில், சத்தமாக, சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். என் பதில் மட்டும் ஏன் ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும்? ஆம்பூரிலோ வேலூரிலோ ஒடுகத்தூரிலோ, பெண்ணை முதல்முதலாக வெளியூர் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, அவள் என்ன படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் விழிக்கிற இன்னொரு அம்மாவும் படிக்கட்டும்.

அந்த லீவில் முதலாளி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்ததை நீ உன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாய். நான் அவருடைய தோல், ஷூ ஏற்றுமதி ஆபீஸில் பதினேழு வருடமாகக் கடிதம் எழுதுகிறவள். உன் அப்பா அதே கம்பெனியில் பினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவரே வருகிறார் என்றதும் அப்பா ஜன்னல் கம்பிக்கெல்லாம் பெயின்ட் அடித்தார். பெரியப்பா சென்னையில் ஷிப்பிங் வேலையை ஒருநாள் விட்டுவிட்டு, அதற்காகவே கிளம்பி வந்தார். முதலாளி வந்தார். பின்னாலேயே டிரைவர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தப்பா நினைச்சுக்காதம்மா, இந்த ஏரியா தண்ணி நமக்கு ஒத்துக்கறதில்ல" என்றார். இந்த ஏரியா தண்ணீர் ஏன் யாருக்குமே ஒத்துக்கொள்வதில்லை என்று அந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். தோல் பதனிடுகிற எங்கள் தோல்ஷாப்பின் கழிவோடு மதில் ஓரமாகவே ஓடி ஆற்றில் போய் விழுகிற வாய்க்காலைப் பார்த்த எவருக்கும் தெரியும். நம் போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துபோகும் என்பதை நீ நடக்கக் கற்ற வயதிலேயே கற்றுக்கொண்டாய். ஒருவர் முகமும் மாறவில்லை. பெரியப்பா எழுந்து அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

செலக்‌ஷன் மேசையை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பதனிட்டு முடிந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, ஒருவர் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி, ஒரு புரட்டு புரட்டி, ஏ, பி, சி, ரிஜெக்ட் என்று சொல்லிக்கொண்டே தனித்தனிக் குவியலில் வீசுவார். ஒரு தோலுக்கு ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஆடு எங்கே மேய்ந்தது, எந்த முள் கிழித்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். தழும்பு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் முதலாளி உன் துறையின் கையேட்டை அப்படித்தான் விரித்தார். நல்லி எலும்பை உறிஞ்சிய விரலைத் துணியில் ஒற்றிவிட்டு, கொழுப்பு மினுங்கும் கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த விரல் பதிந்தது. நீயே வாங்கி, அட்டை போட்டு வைத்திருந்த புத்தகம் அது. எனக்கு முதலில் குமட்டியது அங்கேதான்.

"இன்னா இருக்குது பாக்கலாம். பிசினஸ் ஜெர்மன். இது வேணும், ஏ கிரேடு. மார்க்கெட்டிங், அதுவும் ஏ. யூரோப் சட்டம், ரூல்ஸ் எல்லாம் இருக்கும், எடுத்துக்கோ. இது இன்னாது, ஐரோப்பிய நகரங்களின் சமூக வரலாறா? ரிஜெக்ட்டு. செத்தவன் எந்தத் தெருவுல இருந்தான்னு படிச்சு யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

"லிட்ரேச்சர் ஒண்ணு இருக்குது சார்" என்று அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"அத்த லைனிங்குக்குப் போட்டுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தரம் குறைந்த தோலைத்தான் ஷூவின் உள்பக்கத்துக்கு, யார் கண்ணுக்கும் படாத இடத்துக்கு வைத்துத் தைப்பார்கள். உன் அப்பாதான் அதிகம் சிரித்தார். பிறகு பகுதி எது என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இத்தாலி மட்டும் எடுக்காதம்மா" என்றார் பெரியப்பா. "அவன் ஒரு கன்டெய்னருக்கு, சரக்கு சரியில்லன்னு மூணு க்ளெய்ம் போடுவான்."

"ஸ்பெயின்?" என்றார் அப்பா.

"ஸ்பெயின் செத்துப்போச்சுப்பா. போன சீசன்லயே ஆர்டர் கம்மி."

"பிரான்ஸ்காரன் பேஜார் புடிச்சவன்" என்றார் முதலாளி. "எந்தக் கலரும் அவனுக்கு ஒத்துக்காது. இங்கிலாந்து வெறும் ஸ்கூல் ஷூ, வருஷத்துக்கு ஒரு தபா. ஜெர்மனிதான்மா நிக்கும். ஜெர்மனிய எடு."

போலந்து என்ற பெயர் வரவில்லை. கிரீஸ் வரவில்லை. போர்ச்சுகல் மட்டும், சரக்கு அனுப்புவதில் நமக்குப் போட்டி என்பதால் ஒரு கெட்டவார்த்தையோடு வந்து போனது. நம்மிடம் வாங்காதவர்கள் அந்த மேசையில் ஐரோப்பாவிலேயே இல்லை. ஒரு கண்டம் முழுவதையும், அதன் போர்களையும் பாட்டுகளையும் பசியையும், எங்கள் ஆர்டர் வருகிற வரிசையில் அடுக்கிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு தவறைச் செய்ய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். அதைத் தவறு என்று தெரியாமல், பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்று நெஞ்சு நிறைந்து செய்யவும் எங்களால்தான் முடியும்.

நீ சிரித்தாய், ஜெனி. "அங்கிள் சொல்றது பிராக்டிகலா இருக்குல்லம்மா?" என்று என்னைப் பார்த்தாய். அந்த நிமிடம் எனக்கு உன் மீதும் அருவருப்பு வந்தது. அம்மா மகளிடம் சொல்லக்கூடாத சொல் இது. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறுநாளே போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. முதல் வருடம் முழுக்க நீ எனக்கு போன் செய்து, ஒரு ஊரில் பெண்கள் தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றதைப் பற்றிப் படித்தேன், ஒரு நாட்டில் பேசும் மொழியையே மறைத்து வைத்து வாழ்ந்தவர்களைப் பற்றிப் படித்தேன் என்று மூச்சு விடாமல் பேசுவாய். அப்படிப் பேசியவள், எலும்பு உறிஞ்சிய விரல் ரிஜெக்ட் என்று தள்ளியதும் தலையை ஆட்டினாய். அவர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து டிக் போட்டார். "ரெண்டாவது வருஷம் முடிஞ்சதும் கம்பெனி செலவுல ஆறு மாசம் ஜெர்மனி, நம்ம பையர் ஆபீஸ்ல ட்ரெய்னிங். படிப்பு முடிஞ்சு வந்தா உங்கம்மா சீட்டு உனக்கு. பாவம், அவுங்களுக்கும் ரெஸ்ட்டு வேணும்ல?" என்றார். நான் அப்போது அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டில், என் கரண்டி என் கையில் இருக்கும்போது, என் நாற்காலியை என் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. "அம்மா ஃபாரின்காரங்களோட பேசுற வேலை பாக்குறாங்க" என்று நீ பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தபோது நான் திருத்தவில்லை. நான் யாரோடும் பேசவில்லை. எனக்கு வேலை கிடைத்ததே பேசாததால்தான். காலேஜில் சேர்க்க உன் தாத்தா என்னை வேலூருக்குக் கூட்டிப்போனபோது, எந்தப் பாடம் என்று கேட்ட கிளார்க்கிடம், "எதுல கூட்டம் கம்மியா கீது சார்?" என்று கேட்டார். ஆங்கில இலக்கியத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் எனக்கு நடந்த திட்டமிடல். மூன்று வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாளும் எழுந்து பதில் சொல்லாமல், எழுதி மட்டும் பாஸ் செய்தேன். கல்யாணமாகி, நீ பிறந்து, நீ தவழும்போது இந்த ஆபீஸில் சேர்ந்தேன். அன்றைய மேனேஜர் என்னைப் பார்த்து, "நல்லா எழுதுது, வாயத் தொறக்காது, நமக்கு இதான் கரெக்ட்டு" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்த வேலையில் ஒரே ஒரு பாடம்தான். "போலைட்டா போடும்மா." அன்றைக்கு ஃபேக்ஸ், இன்றைக்கு மெயில், பாடம் மாறவில்லை. தோல் நாறுகிறது என்று அவர்கள் எழுதினால், இயற்கையான மணத்தில் சிறு மாறுபாடு என்று நான் எழுத வேண்டும். அவர்கள் திட்டி எழுதியதை முதலாளிக்குச் சொல்லும்போது, கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள் சார் என்று குறைக்க வேண்டும். ஒருமுறை ரோலர் மெஷினில் கன்னியப்பன் என்பவரின் கை சிக்கியது. விரல்கள் போயின. அப்போது நீ ஏழாவது படித்தாய். அப்பா சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். சரக்கு நான்கு நாள் தாமதம். ஏன் என்று ஜெர்மனியிலிருந்து கேட்டார்கள். மெஷின் பராமரிப்பு காரணமாக என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மெஷின் நல்லபடியாகச் சரியானதில் மகிழ்ச்சி என்று, பெயருக்குக் கீழே ஒரு சிரிக்கும் பொம்மையோடு. நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, நன்றி என்று பதில் போட்டேன். அந்த நாற்காலியைத்தான் உனக்குச் சீதனமாகக் கொடுக்கிறார்கள். அதில் உட்கார உன்னைத் தயார்செய்யத்தான் அந்த டிக்குகள். பிசினஸ் ஜெர்மன் புத்தகத்தின் முதல் பாடத்தை நீ எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தாய், "ஈஸியா இருக்கும்மா" என்று. படித்துப் பார்த்தேன். சரக்கு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதும் மாதிரிக் கடிதம். ஒரு மொழியின் வாசலிலேயே மண்டியிட வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உனக்கே நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. நீ ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். ஒருவர் ஷூ கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, அழகாக உடுத்திய பெண்மணி. இன்னொருவர் தோலைச் சோதிக்கும் டெக்னீஷியன், வயதானவர், நகமெல்லாம் பழுப்பு ஏறியவர். அவர்கள் வருவதற்காக காம்பவுண்டெல்லாம் பினாயில் தெளித்து, ஆபீஸ் வாசலில் மல்லிகைச் சரம் கட்டி, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் அன்று லீவு கொடுத்தார்கள். அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. உன் தாத்தா அவர்களில் ஒருவர். மேனேஜர்களெல்லாம் மூக்கில் கைக்குட்டையோடு நின்றார்கள், ஏதோ நேற்றுத்தான் அந்த இடத்துக்கு வந்தவர்கள் மாதிரி. அந்தக் கிழவர் மட்டும் யார் தடுத்தும் கேட்காமல் தொட்டிப் பக்கம் போய், ஊறிக்கொண்டிருந்த தோலைக் கையால் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

மதியச் சாப்பாட்டில் அந்தப் பெண்மணி தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நம் ஊர்க்காரர் யாரும் இல்லை. அவரோடு அதே விமானத்தில் வந்த அந்தக் கிழவர்தான். நான் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் என் பெஞ்சில் இருந்தவள் இப்படித்தான் நகர்வாள். முகம் சிரித்துக்கொண்டிருக்கும், உடம்பு மட்டும் நகரும். பிறகு அந்தப் பெண்மணி மேனேஜரிடம் மெதுவாக, திரும்பிப் போவதற்கு இன்னொரு கார் கிடைக்குமா என்று கேட்டார். மேனேஜர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

இன்னொரு காரில் அந்தக் கிழவரை வேலூர் ஹோட்டலில் கொண்டுபோய் விட என்னை அனுப்பினார்கள். லாங் பஜாரில் ஏலக்காய் வாங்க வேண்டும் என்றார். கைவண்டிகளுக்கு நடுவில் நுழைந்து வாங்கிக் கொடுத்தேன். திரும்பக் காரில் ஏறியதும் அவராகவே பேசினார். அவருக்கும் ஆங்கிலம் தடுமாறும், அதனால் எனக்குக் கொஞ்சம் துணிச்சல். தன் ஊரில் தோல் பதனிடுபவர்களை ஊருக்கு வெளியே, ஆறு ஊரைத் தாண்டுகிற கீழ்ப்பக்கத்தில், ஒரே தெருவில் வைத்திருந்தார்கள் என்றார். அந்தத் தெருப் பெண்ணை ரொட்டிக்கடைக்காரர் வீட்டில்கூட மருமகளாக எடுக்க மாட்டார்களாம். யாராவது வீடு எங்கே என்று கேட்டால் அவருடைய அம்மா பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்வாராம். "இப்போது அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தத் தெருவில் இருந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கூச்சம். ஹோட்டல் வந்துவிட்டது, அவர் இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இதைத்தான் கதையாகச் சொன்னேன். "அங்கியும் நம்ம தாத்தா மாதிரி தாத்தா கீறாங்களாம்மா?" என்று கேட்டாய். இருக்கிறார் என்றேன். நீ ஐரோப்பா என்ற சொல்லைக் கேட்டது அன்றுதான். அதற்குப் பிறகு அந்த ஊர்த் தெருவைப் பற்றி எத்தனையோ நாள் கேட்டாய். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளி ரிஜெக்ட் என்று வீசியது அந்தத் தெருவைத்தான், ஜெனி. எந்த ஊரில் எந்த வேலை செய்தவர்களை எங்கே வைத்தார்கள், யார் யாரைப் பார்த்து மூக்கைப் பிடித்தார்கள், பூந்தொட்டி எப்போது வந்தது, அதற்குள் அந்த வேலை எந்தக் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது, இதெல்லாம் அந்த ஒரு பாடத்தில் இருக்கும் என்று கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்தால் எனக்கே தெரிகிறது. யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றார். எனக்கு ஆகும். என் அப்பாவை லீவு கொடுத்து ஒளித்து வைத்த நாளுக்கு ஒரு விளக்கம் கிடைக்கும்.

உன் போன் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். அக்கவுன்டன்டும் இருந்தார்.

"இன்னாம்மா, பொண்ணு பாடமெல்லாம் எழுதிக் குடுத்துட்டுதா?"

"இன்னும் இல்ல சார்."

"சீக்கிரம் குடுக்கச் சொல்லு. நான் பையர்கிட்ட ட்ரெய்னிங்குக்கு சொல்லி வெச்சிட்டேன்."

"நீங்க டிக் போட்டத எடுக்க வேணாம்னு அவளுக்கு எழுதப்போறேன் சார்."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. அக்கவுன்டன்ட் பக்கம் திரும்பி, "தோ பாருப்பா, பேசுறாங்க! இத்தினி வருஷத்துல இந்தம்மா வாயத் தொறந்து நான் பாத்ததில்ல" என்றார். பிறகு, "ஏம்மா, பொண்ணுக்கு உன் சீட்டு வேணாமா?" என்றார்.

"அது என் சீட்டு சார். நான் இன்னும் எழுந்துக்கல."

"எழுந்துக்க வெக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று மதியமே வெளிநாட்டு மெயில்கள் என் மேசைக்கு வருவது நின்றுவிட்டது. இப்போது பெட்டிகளில் சரக்கு சரியாக அடுக்கியிருக்கிறதா என்று கிடங்கில் நின்று பார்க்கிற வேலை. கால் வலிக்கிறது. ஆனால் ஒரு வாரம் முழுக்க ஒரு பொய்கூட எழுதவில்லை. அந்த ஆபீஸில் எனக்கு இப்படி ஒரு வாரம் இதற்கு முன் இருந்ததில்லை.

அப்பா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார். "உனக்கு இன்னா ஆச்சு? மொதலாளி கிட்ட போயி வாய் குடுத்துட்டு வந்திருக்க."

"பாப்பா படிப்பு அவருக்கு இன்னாத்துக்குங்க?"

"ஜெர்மனிடீ! நம்ம வூட்டுப் பொண்ணு ஜெர்மனி போவுது! உங்கப்பன் தொட்டியில நின்னான், நான் ஸ்ப்ரே அடிச்சே நெஞ்சு போச்சு. அது ஏரோப்ளேன்ல போவட்டுமே. உனக்குப் பொறாமையா?"

அவர் அழுதார். அவரை வெறுக்காதே. அவருக்கு அந்த ஆறு மாதம் உண்மையிலேயே சொர்க்கம் மாதிரித் தெரிகிறது. எனக்கும் ஆசை இல்லை என்று நினைக்கிறாயா? நீ அந்த ஆற்றங்கரையில் நிற்கிறதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே போய் நீ அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இங்கே மெஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டு, சிரிக்கும் பொம்மை போடக் கற்றுக்கொண்டு வருவாய் என்றால், அந்த விமானமே எனக்கு வேண்டாம்.

நான் சொல்கிறதையும் கேட்டுக்கொள். கேட்டுவிட்டுத் தள்ளினாலும் தள்ளு. மொழி ஜெர்மனே இருக்கட்டும், அந்தக் கிழவர் பேசிய மொழி அது. ஆனால் வணிகம் ஒட்டாத ஜெர்மன் ஒன்று அதே பக்கத்தில் கீழே இருக்கிறது, கதையும் கவிதையும் வைத்துச் சொல்லித் தருவது, அதை எடு. சட்டப் பாடத்தில் எனக்கும் முதலாளிக்கும் ஒரே கருத்து. எதைத் தடை செய்திருக்கிறார்கள், எதிலிருந்து எப்படி நழுவலாம் என்று நீ அவருக்குச் சொல்வாய் என்று அவர் டிக் போட்டார். நழுவுகிறவர்களை நீ அடையாளம் காண வேண்டும் என்று நான் எடுக்கச் சொல்கிறேன். பகுதி என்றால், நம்மிடம் ஒரு ஜோடிகூட வாங்காத நாடாகப் பார்த்து எடு. அந்த நாட்டைப் பற்றி நம் தெருவில் யாருக்கும் அபிப்பிராயம் இருக்கக்கூடாது. நீ அதைப் பற்றிப் பேசினால் பெரியப்பாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தச் சந்தோஷத்துக்காகவாவது எடு. நகரங்களின் வரலாற்றைப் பற்றி நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. மீதிப் பாடம் ஒன்று உனக்குப் பிடித்ததாக இருக்கட்டும். சும்மா பிடித்தது. எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதது. எனக்கு அப்படி ஒன்றைப் படிக்க யாரும் இடம் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் அவர் டிக் போட்டதையே நீ எழுதிக் கொடுக்கலாம். அது உன் உரிமை. நான் உன்னோடு பேசுவதை நிறுத்த மாட்டேன், ஊறுகாய் அனுப்புவதையும் நிறுத்த மாட்டேன். ஆனால் ஒன்று. நாளைக்கு யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லாதே. அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதே. நான் வேண்டாம் என்று சொன்னேன், வாய் திறந்து சொன்னேன், அதற்காகக் கிடங்கில் நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு போன் பண்ணு. எதை எடுத்தாய் என்று முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும். அப்பா எடுத்து, அம்மா தூங்கிவிட்டாள் என்று சொல்வார். நம்பாதே. கூப்பிடச் சொல்.

அம்மா